எங்கள் குடிலில் நிற்பவர்கள்

எங்கள் வீட்டுக் கிறிஸ்மஸ் குடிலில் இடையர்கள் கிடையாது. அந்த இடத்தில் நாங்கள்தான் நிற்கிறோம். மாதா, சூசையப்பர், பாலன், மூன்று ராஜாக்கள், ஒட்டகம், மாடு, கழுதை எல்லாம் கடையில் வாங்கியவை. இடையர் மட்டும் நான் மண்ணில் செய்தது. ஒரு சாண் உயரம்கூட இருக்காது. முதல் வருஷம் நானும் என் மனைவியும். மகள் பிறந்த வருஷம் அவளையும் செய்தேன், கையில் ஒரு ஆட்டுக்குட்டியோடு.

நான் எட்டாவது வரை படித்தவன். அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறேன். டிப்பர் போகிற பாதையில் புழுதி எழும்பாமல் நாள் முழுக்கத் தெளித்துக்கொண்டே போக வேண்டும், வர வேண்டும். பொம்மை செய்வதை யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. கல்யாணமான வருஷம் டவுனில் வாங்கிவந்த குடில் செட்டில் இரண்டு இடையர்கள் இருந்தார்கள். பஸ்ஸில் வரும்போதே இரண்டு பேருக்கும் தலை போய்விட்டது.

"தலையில்லாதவன் வந்து பாலனை எப்படிப் பாப்பான்? நீங்களே ஒண்ணு செஞ்சு வைங்க. சின்ன வயசுல ஏரி மண்ணுல மாடு செஞ்சேன்னு பீத்திக்கிட்டீங்கள்ல" என்றாள் என் மனைவி.

செய்தேன். காய்ந்ததும் எடுத்துப் பார்த்துச் சிரித்தாள். "அய்யோ, நீங்களேதான். அந்தக் காதப் பாருங்க." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஏங்க, என்னைய வூட்ல வுட்டுட்டு நீங்க மட்டும் சாமி பாக்கப் போறீங்களா?" என்றாள்.

அதனால் அவளையும் செய்தேன். இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்பாள், அப்படியே வந்தது. முகம் வரவில்லை. சேலைக்கு அவளே பெயிண்ட் அடித்தாள். அவளுடைய கூறைச்சேலை அரக்கு. அதே நிறம் அடித்து, ஈர்க்குச்சி முனையால் மஞ்சள் கரை போட்டாள். ஒரு கோடு, கோட்டின் மேல் வரிசையாகப் புள்ளி. கிறிஸ்மஸுக்கு முந்தின திருவருகைக்காலம் பிறந்தால் எல்லா பொம்மைகளையும் எடுத்துத் துடைத்து, நிறம் போன இடத்தில் திரும்பத் தொட்டு வைப்பது அவள் வேலை.

மண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கொல்லைகள் எல்லாம் கரிசல். பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் அது நல்ல மண். பொம்மைக்கு ஆகாது, காய்ந்தால் வாய் பிளந்துவிடும். பொம்மைக்கு ஏரிக்களிதான். அதைச் சித்திரையில் ஏரி காய்ந்து கிடக்கும்போது வெட்டி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து ஏரி நிறைந்த பிறகு கிறிஸ்மஸ் வருகிறதே என்று மண்வெட்டியோடு போனால் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

என் மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்தது. தஞ்சாவூருக்கு எட்டு மாதம் போனோம், வந்தோம். கடைசிக் கிறிஸ்மஸுக்கு அவளால் குனிய முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "மலையை அந்தப் பக்கம் தள்ளுங்க, ஒட்டகத்துக்கு வழி இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மலை என்றால் கஞ்சியில் முக்கிக் கசக்கிக் காயவைத்த சிமென்ட் பைக் காகிதம். பொம்மைகளை மடியில் வாங்கித் தன் சேலைக் கரையை அவளே தொட்டாள். கை நடுங்கியது. புள்ளிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. பக்கத்தில் உட்கார்ந்து ஈரம் காய ஊதிக்கொண்டிருந்த மகளிடம், "பாரு பாப்பா, இந்த வருஷம் புள்ளி வைக்கப் போயி பூவா வுழுந்துடுச்சு" என்றாள். மாசி மாதம் ஆண்டவர் அவளை அழைத்துக்கொண்டார். மகளுக்கு அப்போது பத்து வயது.

துக்க வீட்டில் அந்த வருஷம் நட்சத்திரம் கட்டுவதில்லை. குடிலும் வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

"நட்சத்திரம் இல்லன்னா பரவால்லப்பா. குடிலும் இல்லன்னா பாலன் எங்க பொறப்பாரு?" என்று மகள் கேட்டாள். சரி என்று போட்டோம். எப்போதும் நாங்கள் மூன்று பேரும் கொட்டகைக்கு வெளியே வைக்கோல் பக்கம் நிற்போம். அந்த வருஷம் அவள் அம்மாவின் பொம்மையை மட்டும் எடுத்து உள்ளே, பாலன் படுத்திருக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இடையரெல்லாம் வெளியிலதாம்மா நிக்கணும்."

"அம்மா இப்ப வெளியிலயா இருக்காங்க? மோட்சத்துலதான இருக்காங்க? அப்ப உள்ளதான் நிப்பாங்க."

பொம்மையை அங்கேயே விட்டேன். அதிலிருந்து அதுதான் அவளுடைய இடம் என்று ஆகிவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து, வைகாசியில், நான் மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டேன். நான் ஷிஃப்டுக்குப் போய்விட்டால் பெண்பிள்ளை வீட்டில் தனியாக இருக்கிறாள் என்று உறவில் எல்லோரும் சொன்னார்கள். அதுவும் உண்மைதான். எனக்கே ஒரு துணை வேண்டியிருந்தது, அதுவும் உண்மைதான். பெண் பெரம்பலூர்ப் பக்கம். படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டே முப்பத்தொன்பது வயதுவரை கல்யாணம் ஆகாமல் இருந்தவள். தையல் தைப்பாள். காலைப் பூசையில் தாலி கட்டினேன். நீலப் பட்டு கட்டியிருந்தாள்.

என் மகள் கோபிக்கவில்லை, அழவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. மரியாதையாக இருந்தாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. சித்தி என்று கூப்பிடச் சொன்னேன். "சரிப்பா" என்றாள். ஆனால் கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் என்னிடம் சொல்வாள். நான் வீட்டில் இல்லாதபோது ஏதாவது வேண்டுமென்றால் வேண்டாம் என்று இருந்துவிடுவாள்.

"வந்து அஞ்சு மாசமாச்சு. இந்த வூட்ல எனக்கு இன்னும் பேரு வைக்கல" என்று என் வீட்டுக்காரி ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அவள் ஊசியில் நூல் கோக்கிற வேகத்தை வைத்துத்தான் மனசுக்குள் என்ன என்று கண்டுபிடிக்க முடியும்.

அந்த ஐப்பசியில் மகள் ஒரு விண்ணப்பப் பாரத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். திருச்சியில் சிஸ்டர்கள் நடத்துகிற பள்ளிக்கூடம், ஹாஸ்டல் உண்டு, ஒன்பதாவது அங்கே சேரலாம். அவளுடைய தாய்மாமன், அதாவது என் முதல் மனைவியின் தம்பி, வாங்கிக் கொடுத்திருந்தான். ஜனவரி முடிவதற்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

"இங்க இருக்கற பள்ளிக்கூடத்துக்கு என்னம்மா?"

"ஒண்ணுமில்லப்பா. அங்க நல்லா சொல்லித் தருவாங்களாம்."

படிப்புக்காகப் போவதென்றால் நானே கொண்டுபோய் விடுவேன். அவள் படிப்புக்காகப் போகவில்லை. இந்த மனசோடு போனால் லீவுக்கு லீவு விருந்தாளி மாதிரி வந்துவிட்டுப் போவாள், நாளைக்கு அவள் கல்யாணத்துக்குப் பிறகு அதுவும் இருக்காது என்று எனக்குத் தெரிந்தது. ஒருத்தியைச் சாவுக்குக் கொடுத்துவிட்டேன். இவளையும் விடுவதற்கு எனக்கு மனசில்லை. பாரத்தைப் பைபிளுக்குள் வைத்துவிட்டு, "கிறிஸ்மஸ் முடியட்டும், பாக்கலாம்" என்றேன்.

குடிலில் என் வீட்டுக்காரிக்கும் ஒரு பொம்மை வேண்டும் என்று எனக்குத் தோன்றியது இதனால்தான். பேசிப் புரியவைக்க எனக்கு வராது. பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிடாதா என்று நினைத்தேன். ஆனால் களிமண் இல்லை. அந்தச் சித்திரை முழுக்கக் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கக் கொடுப்பதும் வீட்டுக்கு வெள்ளையடிப்பதுமாகப் போய்விட்டது, ஏரிப் பக்கமே போகவில்லை. இப்போது ஏரி நிறைந்து கரையைத் தொட்டுக் கிடந்தது. பானை செய்கிறவர்கள் இருக்கிற ஊருக்குப் போய்வர லீவு கிடைக்கவில்லை. கொல்லைக் கரிசலைச் சலித்து, மணலும் சாம்பலும் பஞ்சும் கலந்து பிசைந்தேன். முதல் பொம்மை வயிற்றில் வெடித்தது. இரண்டாவது கழுத்திலிருந்து தோள்வரை வெடித்தது. இரண்டையும் அடுப்படி ஜன்னலில் தூக்கி வைத்தேன்.

கிறிஸ்மஸுக்கு மூன்று நாள் இருந்தது. அன்று மத்தியானம் பொம்மைகளை எடுத்து வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்த யோசனை வந்தது. இப்போது எழுதும்போது எனக்கே உடம்பு கூசுகிறது. அன்றைக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. இறந்தவள் ஆண்டவரிடம் இருக்கிறாள், இந்த மண்ணிலா இருக்கிறாள்? ஒரு பொம்மை இரண்டு பேருக்கும் நிற்கட்டுமே. அம்மா இருந்த இடத்திலேயே இவளும் நின்றால் பிள்ளைக்கு மனசு ஒட்டிக்கொள்ளும். இப்படி எல்லாம் நினைத்து, நீல எனாமலை எடுத்து அரக்குச் சேலையின் மேல் அடித்தேன். நானே ஒரு மஞ்சள் கோடும் போட்டேன். கால் மணி நேர வேலை. காயவைத்துக் கொண்டுபோய்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். என் வீட்டுக்காரி முன் அறையில் மெஷினில் இருந்தாள். திருநாள் ஜாக்கெட்டுகள் குவிந்து கிடந்தன, அவள் நிமிரக்கூட இல்லை.

மறுநாள் மகளுக்கு அரையாண்டுப் பரீட்சை முடிந்தது. வந்ததும் பையை வைத்துவிட்டு, குடிலில் முளைக்கப் போட்டிருந்த கேழ்வரகுக்குத் தண்ணீர் தெளிக்கப் போனாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். பொம்மையைக் கையில் எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள்.

"அம்மா மேல எதுக்குப்பா பெயிண்ட் அடிச்சீங்க?"

"களி கெடைக்கலம்மா. கரிசல்ல செஞ்சா வெடிச்சுப் போச்சு. அதான், மண்ணுதானன்னு..."

"அந்தப் பூ?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பொம்மையின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். "அம்மா புள்ளி வச்சு பூவா வுழுந்துச்சே, அது எங்கப்பா?"

அப்போதுதான் எனக்கு அந்த நாற்காலியும் நடுங்கின கையும் ஞாபகத்துக்கு வந்தன. அவள் கைபட்டது இந்த வீட்டில் வேறு என்னென்னவோ இருக்கிறது, ஆனால் அவளே தன்னை வரைந்துகொண்டது அது ஒன்றுதான். அதன் மேல்தான் நான் அடித்திருந்தேன்.

மகள் கத்தவில்லை. அம்மா பொம்மையை இருந்த இடத்திலேயே வைத்தாள். வெளியே என் பொம்மையின் பக்கத்தில் நின்ற தன்னுடைய பொம்மையை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினாள். என் போனை எடுத்து மாமனைக் கூப்பிட்டாள். "மாமா, லீவு வுட்டாச்சு. வந்து கூட்டிட்டுப் போங்க."

என் மச்சான் திருமானூர்ப் பக்கம் இருக்கிறான். ஒரு மணி நேரத்தில் வண்டியில் வந்துவிட்டான். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குடிலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ஏன் மச்சான், ஆளத்தான் மாத்துனீங்க. பொம்மையுமா மாத்தணும்?"

அவன் கெட்டவன் இல்லை. இறந்தவள் அவனுக்கு அக்கா. மகள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "போயிட்டு வரேம்ப்பா" என்றாள், அதே மரியாதையோடு.

அவர்கள் போன பிறகு மெஷின் சத்தம் நின்றது. என் வீட்டுக்காரி வந்து கையை நீட்டினாள். "அந்தப் பொம்மையைக் குடுங்க."

கொடுத்தேன்.

"இது யாரு?"

"அது... அவதான். இப்ப நீ."

"அவங்களா, நானா? ஒண்ணு சொல்லுங்க."

பொம்மையை என் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

"நான் அடுத்தவங்க சேலையைக் கையில வாங்குவேன், தைக்க. கட்டிக்க வாங்க மாட்டேன். என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா நீங்க? செத்தவங்களக் கேக்க முடியாது, நான் இங்கதான உக்காந்திருக்கேன், கூப்பிடற தூரத்துல?" முதல் தடவையாகச் சிரிக்காமல் பேசினாள். "அந்தப் புள்ள என்னைய அம்மாவா நெனைக்கணும்னு நான் கேக்கல. அவங்க அம்மாவை அழிச்சிட்டு வந்து நிக்கறவளா நெனைக்க வச்சிட்டீங்களே."

டர்பன்டைனும் வெட்டுத்துணியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நீலம் லேசில் கிளம்பியது. ஆனால் அடியில் இருந்த அரக்கும் செதில் செதிலாக உரிந்து அதோடு சேர்ந்து வந்தது. அவள் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டாள். அதற்குள் முக்கால்வாசி போய்விட்டது. மண் நிறத்தில் நின்றாள் என் மனைவி. பின்பக்கம் கால் ஓரத்தில் மட்டும் ஒரு விரல்நுனி அளவுக்கு மஞ்சள் இருந்தது.

"இது அவங்க போட்டதா?" என்று மெதுவாகக் கேட்டாள். ஆமாம் என்றேன். டர்பன்டைன் பாட்டிலை மூடி வைத்தாள்.

மறுநாள் இருபத்து நான்காம் தேதி. விடிந்ததும் பொம்மையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "வண்டிய எடுங்க, திருமானூர் போவணும்."

"இன்னும் கோவம் ஆறியிருக்காது. ரெண்டு நாள் போவட்டும்."

"நீங்க வண்டிய மட்டும் ஓட்டுங்க. பேச வேணாம்."

மச்சான் வீட்டில் அவனும் நானும் வாசலில் உட்கார்ந்தோம். ஒருவரை ஒருவர் பார்க்காமல் அவன் வெங்காய விலையைப் பற்றிப் பேசினான், நான் மழையைப் பற்றிப் பேசினேன். உள்ளே பேசுவது இரண்டு பேர் காதிலும் விழுந்துகொண்டிருந்தது.

"இதக் குடுக்கத்தான் வந்தேன் பாப்பா. உன்னைக் கூட்டிட்டுப் போவ வரல."

பிறகு மகளின் குரல். "பெயிண்ட் எல்லாம் போச்சு."

"போச்சு. நீலம் மட்டும் போவும்னு நெனச்சு தொடச்சேன். அடியில இருந்ததும் வந்துடுச்சு. உங்கப்பா பண்ணது பாதி, நான் பண்ணது பாதி."

"அது அம்மா போட்டது."

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டேன். பின்னால பாரு, கொஞ்சூண்டு இருக்கு. அதுக்கு மேல நான் தொடல."

பொம்மையைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"நீங்கதான் அடிக்கச் சொன்னீங்களா?"

"நானா? பொம்மைக்கு நீலச் சேலை கட்டச் சொல்றதுக்கு எனக்கென்ன கிறுக்கா? எனக்கு ரெண்டு பொம்மை ஏற்கெனவே இருக்கே, அடுப்படி ஜன்னல்ல. ஒண்ணுக்கு வயிறு வெடிச்சிருக்கு, ஒண்ணுக்கு கழுத்து. மூஞ்சி உப்பிப்போயி அப்படியே என்னாட்டம்தான் இருக்கு. அத எடுத்து நடு வூட்ல வைக்க உங்கப்பாவுக்கு வெக்கமாப் போச்சு."

மகள் சிரித்தாளோ இருமினாளோ, தெரியவில்லை. மச்சான் வெங்காயத்தை நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்பினான். பிறகு எழுந்து உள்ளே போய், "பாப்பா, பொறப்பு பூசைக்கு சொந்தக் கோயில்லதான் இருக்கணும். போயிட்டு ரெண்டு நாள் கழிச்சு வா, மாமா வந்து கூட்டியாறேன்" என்றான்.

மூன்று பேரும் ஒரே வண்டியில் வந்தோம். மகள் நடுவில் உட்கார மாட்டேன் என்று கடைசியில் உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் பூசைக்கு முன்னால் நான் பாவசங்கீர்த்தனம் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். "இதுல எது பாவம்னு நெனக்கிற?" என்று பங்குச் சாமியார் கேட்டார். "கேக்காம செஞ்சது சாமி" என்றேன். "யாரை?" என்றார். மூன்று பேரைச் சொன்னேன். அபராதமாக ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். அதை மூன்றாகச் சொல்லிவிட்டேன், ஆளுக்கு ஒன்று.

திரும்பி வந்தபோது மகள் குடிலைச் சரிசெய்துவிட்டிருந்தாள். அம்மா பொம்மையை மண் நிறத்தோடு உள்ளே தொட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். திரும்பப் பெயிண்ட் அடிக்கட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவளுடைய பொம்மை வெளியே என் பக்கத்தில் வந்திருந்தது. ஜன்னலில் கிடந்ததில் கழுத்து வெடித்ததை எடுத்து, குடிலின் அந்தக் கோடியில், மூன்று ராஜாக்களுக்கும் பின்னால் நிறுத்தியிருந்தாள்.

எங்கள் பக்கம் ராஜாக்களை முதல் நாளே கொட்டகையில் வைக்க மாட்டோம். தூரத்தில், மலைக்கு அந்தப் பக்கம் வைப்போம். பிள்ளைகள் தினம் ஒரு விரல்கடை நகர்த்துவார்கள். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளன்றுதான் அவர்கள் பாலனிடம் வந்து சேர வேண்டும். என் வீட்டுக்காரியை அந்த வரிசையில்தான் என் மகள் நிறுத்தியிருந்தாள், கடைசி ஒட்டகத்துக்கும் பின்னால்.

என் வீட்டுக்காரி குனிந்து பார்த்தாள். "ஏன் பாப்பா, அவங்களுக்கெல்லாம் ஒட்டகம் இருக்கு. நான் நடந்தே வரணுமா?"

"நடந்தே வாங்க" என்றாள் மகள்.

மச்சான் இரண்டு நாள் கழித்து வந்தான். அவள் போகவில்லை, ராஜாக்களை நகர்த்த ஆள் வேண்டும் என்றாள். நான் தினம் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் குடிலைத்தான் பார்ப்பேன். ராஜாக்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தார்கள். நான்காவது பொம்மை சில நாள் நகரும், சில நாள் நகராது. அவர்களுக்குள் அன்றைக்கு என்ன நடந்தது என்று அதிலேயே தெரிந்துவிடும். ஒரு நாள் மகளுடைய பள்ளிக்கூடச் சட்டையைக் கேட்காமல் என் வீட்டுக்காரி அளவு குறைத்துவிட்டாள் என்று பொம்மை புறப்பட்ட இடத்துக்கே போயிருந்தது. என் வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு, "சட்டைக்கு இவ்ளோ தூரமா? மறுபடி மொதல்லேருந்தா?" என்று முனகிக்கொண்டே தையலைப் பிரித்தாள். மறுநாள் பொம்மை பழைய இடத்துக்கு வந்தது.

மூன்று ராஜாக்கள் திருநாள் வந்தது. ராஜாக்கள் மூவரும் தொட்டிக்கு முன்னால் நின்றார்கள். கரிசல் பொம்மை பாதி வழியில், கண்ணாடித் துண்டு வைத்துச் செய்த குளத்துக்குப் பக்கத்தில் நின்றது. அடுத்த ஞாயிறோடு எல்லோரும் குடிலைப் பிரித்துவிடுவார்கள். நான் அட்டைப்பெட்டியை எடுத்துவந்தேன்.

"பிரிக்காதீங்கப்பா. இன்னும் வரல" என்றாள் மகள்.

பெரியவர்கள் காலத்தில் காணிக்கை மாதா திருநாள் வரைக்கும் குடில் வைப்பார்கள், அது பிப்ரவரி இரண்டு. சரி, அதுவரை இருக்கட்டும் என்று விட்டேன். பொங்கல் வந்தது, போனது. கேழ்வரகு காய்ந்து மஞ்சளாகிவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எதிர்வீட்டு அக்கா, "உங்க வூட்டு பாலன் இந்நேரம் எழுந்து நடந்திருப்பாரே" என்றார்கள். வெடிப்பு பெரிதாகி, கரிசல் பொம்மையின் தோளிலிருந்து ஒரு சில்லு விழுந்தது. என் வீட்டுக்காரி மெஷினுக்குப் போகிற போக்கில் அதை எடுத்துப் பசை போட்டு ஒட்டிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள், ஒரு நூல்கூட முன்னால் தள்ளாமல்.

ஜனவரிக் கடைசியில் மச்சான் போன் செய்தான். பாரத்தைக் கொடுக்க இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது, அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வை, சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றான். மகள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"இல்ல மாமா. குடில் இன்னும் பிரிக்கல."

"பாப்பா, பொங்கலே முடிஞ்சுடுச்சு. இன்னுமா?"

"ஆமா மாமா. பாதி வழியில வுட்டுட்டு எப்படி வர்றது?"

அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. "என்னமோ பண்ணு" என்று வைத்துவிட்டான். சனிக்கிழமை அவன் வரவில்லை. கடைசி நாள் கடந்து போனதை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். நானாக வாயைத் திறந்து இனி எதையும் கெடுக்கக் கூடாது என்று இருந்தேன்.

காணிக்கை மாதா திருநாளன்று காலையில் மெழுகுவர்த்தி மந்திரித்து வாங்கிக்கொண்டு வந்தோம். அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு குடிலுக்குப் போனேன். கரிசல் பொம்மை வந்து சேர்ந்திருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் இல்லை. வெளியே, வைக்கோல் ஓரத்தில், என் பொம்மைக்கும் மகளின் பொம்மைக்கும் நடுவில் நின்றது.

நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்து மகள் சொன்னாள், "அம்மா உள்ள இருக்காங்க. இவங்க வெளியிலதான நம்மளோட இருக்காங்க. அதான்."

ராஜாக்களை எடுத்துக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தேன். அவள் கரிசல் பொம்மையைத் தனியாகப் பஞ்சு வைத்துச் சுற்றினாள், மற்றதோடு போட்டால் உதிர்ந்துவிடும் என்றாள்.

"ஒம்பதாவது இங்கயே படிக்கறேம்ப்பா" என்றாள் சுற்றிக்கொண்டே. "பத்தாவது முடிச்சிட்டு வெளியூர் போவேன். அப்ப போவாதன்னு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"நான் சொல்லுவேன்" என்று முன் அறையில் மெஷினை நிறுத்தாமலே குரல் வந்தது.

"உங்களை யாரு கேட்டா?" என்றாள் என் மகள்.

"கேக்கலன்னாலும் சொல்லுவேன்."

"சொல்லிப் பாருங்க" என்றவள், கையில் இருந்த பொம்மையைப் பெட்டியில் வைத்துவிட்டு எழுந்து, சண்டையை நேரில் போடுவதற்கு முன் அறைக்குப் போனாள். நான் மலையை மடித்தேன்.